ஊதா நிறத்தில் நான்கு

நஜ்லா அந்தக் கறுப்பு ரப்பரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

“என்ன தெரியுது?” என்று கேட்டார் ஷக்கீப் மத்தார்.

“பூண்டு வாசம். செஞ்சவன் காலையில கோழி சாண்ட்விச் சாப்பிட்டிருக்கான், உஸ்தாத்.”

“அது என் கை வாசம்.”

“அப்ப கேஸ் முடிஞ்சுது. நீங்களே போய் ஒப்புக்கிட்டீங்கன்னா நான் சாப்பாட்டு வேளைக்கு வீட்டுக்குப் போயிடுவேன்.”

வேறு நாளாக இருந்தால் அராக்சி சிரித்திருப்பாள். இன்று அவள் தன் கணவரின் பட்டறை வாசலில் ஒரு கம்பளிச் சட்டையை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே அனுப்பச் சொல்லிக் காவல் நிலையத்தில் கெஞ்சிப் பார்த்து, முடியாமல் திரும்பக் கொண்டுவந்த சட்டை.

அவள் கணவர், தெருவே ‘முஅல்லிம்’ என்று மரியாதையாகக் கூப்பிடும் மெக்கானிக் நிஷான், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து லாக்கப்பில் இருக்கிறார். உட்காருவதற்கே முறை வைக்கும் நெரிசல். சர்க்கரை வியாதி வேறு, கால் விரலில் ஆறாத புண். இன்று மதியம் விசாரணை நீதிபதி முன்னால் நிறுத்துவார்கள். நீதிபதி பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டால் அங்கிருந்து நேரே பெரிய சிறை. அறுபதைத் தாண்டிய சர்க்கரைக்காரர்கள் அந்தச் சிறையிலிருந்து எந்த வண்டியில் வெளியே வருவார்கள் என்பது பவுஷ்ரியே பட்டறைத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அராக்சியிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வழக்கு இதுதான். ஞாயிறு நடந்த மலையேற்றப் பந்தயத்தில் ரவாத் என்பவனின் கார் முன்சக்கரம் கோணி, வளைவுக் கல்சுவரில் போய் மோதியது. ரவாத்தின் உயிர் அங்கேயே போய்விட்டது. கார் பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். போன கோடையில் அதற்கு நிஷான் நான்கு சாமான் மாற்றிக் கொடுத்திருந்தார். இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் இரண்டு, முன்சக்கர ஆர்ம் ஆடாமல் பிடிக்கும் புஷ் இரண்டு. பழைய ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, பந்தயக்காரர்கள் தேடிப் பிடித்து வாங்கும் ஊதா நிறச் சாமான் போட்டார். கல் மாதிரி கெட்டி. ஆனால் நொறுங்கிய காரில் போலீஸ் பார்த்தபோது நான்கு இடத்திலும் கறுப்பு ரப்பர். மலிவான, மெத்தென்ற சரக்கு. ஆர்ம் புஷ் ஒன்று கிழிந்து தொங்கியது.

‘ஊதா என்று சொல்லிக் கறுப்பை மாட்டி என் பிள்ளையைக் கொன்றுவிட்டார்’ என்று ரவாத்தின் தாய் புகார் கொடுத்தாள். ஆர்மீனியப் பாதிரியார் போய்ப் பார்த்தார், பந்தயக் கிளப்காரர்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். புகாரைக் கைவிடச் சொல்லிக் கெஞ்சினார்கள். அவள் எல்லாருக்கும் துக்க வீட்டுக் கசப்புக் காப்பியைக் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பி வைத்தாள்.

“நஜ்லா, துணி பிழியத் தெரியுமா உனக்கு?” என்றார் ஷக்கீப்.

“எங்கப்பா துறைமுகத்துல மூட்டை தூக்கினவரு. அவரு வேர்வைச் சட்டையிலேர்ந்து தம்பிங்க டவுசர் வரைக்கும் பிழிஞ்ச கை இது.”

“அப்ப அந்த ரப்பரைப் பாரு. மோந்து பாக்காத. பாரு.”

அவள் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள். கிழிசல் நேராகப் போகவில்லை. ஓரத்திலிருந்து ஓரத்துக்குச் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

“தேஞ்சு கிழியலை உஸ்தாத். பிழிஞ்சு கிழிஞ்சிருக்கு.”

“ம். கார் நாலு சக்கரத்துலயும் நிக்கும்போதுதான் ரப்பர் புஷ்ஷோட போல்ட்டைக் கடைசியா முறுக்கணும். சக்கரம் அந்தரத்துல தொங்கும்போது முறுக்கினா, காரை இறக்கின உடனே ரப்பர் முறுக்கிக்கும். அதுக்கப்புறம் நின்னாலும் ஓடினாலும் முறுக்கின மேனிக்கேதான் கிடக்கும். டாக்ஸியா இருந்தா கொஞ்சகாலம் தாங்கும். மலைப்பாதையில பந்தய வேகத்துல திருப்பினா…”

“சட்டை கிழியும்.”

ஷக்கீப் பட்டறையின் கூரையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். தரையின் நடுவே, ஒரு ஆள் நிற்கிற ஆழத்தில், எண்ணெய் ஊறிய சிமெண்ட் குழி. அதன் மேல் காரை நிறுத்திவிட்டு நிஷான் கீழே இறங்கி வேலை பார்ப்பார்.

“அராக்சி, இங்க காரைத் தூக்குற லிஃப்ட் எங்க?”

“லிஃப்டா?” அவளுக்கு எரிச்சல் வந்தது. “வாங்கு வாங்குன்னு கல்யாணமான நாளா சொல்றேன். ஊருக்கெல்லாம் லிஃப்ட் வந்தாச்சு. இவரு இந்தக் குழிதான் போதும்னு இடுப்பை ஒடிச்சுக்கிட்டாரு.”

“நல்லவேளை, நீங்க ஜெயிக்கலை.”

“ஜாக்கி வச்சுத் தூக்கிட்டு முறுக்கியிருக்கலாமே?” என்றாள் நஜ்லா. நீதிபதி கேட்கப்போவதை முதலில் அவள் கேட்டுவிடுவாள். அதற்குத்தான் சம்பளம்.

“கழட்ட ஜாக்கி வைப்பாரு. முறுக்க நேரம் வந்தா காரை இறக்கி நிறுத்திட்டு, குழிக்குள்ள நின்னு நிதானமா முறுக்குவாரு. இந்தத் தப்பைக் குழிக்காரன் செய்யணும்னா மெனக்கெட்டுச் செய்யணும். லிஃப்ட்காரன் பழக்கத்துல செஞ்சிட்டுப் போயிடுவான்.”

அராக்சியின் கையில் இருந்த சட்டை நழுவியது. “அப்ப இதை நீதிபதிகிட்டச் சொல்லிடலாமே?”

“சொல்லலாம். ‘வழக்குச் சாமான் உன் கைக்கு எப்படி வந்துச்சு’ன்னு கேப்பாரு. போலீஸ் யார்டு காவலாளி பழைய பழக்கத்துல கொடுத்தான்னு சொன்னா, அவனையும் உள்ள தள்ளுவாரு. இன்சூரன்ஸ்காரங்களுக்கு விபத்து நிபுணரா இருந்தப்போ நான் கோடு போட்டா அது சட்டம். இப்ப நான் யாரு? தெருவுல போறவன்.” அவர் ரப்பரைக் கைக்குட்டையில் சுற்றினார். “நமக்கு அந்த ஊதா நாலு வேணும். நிஷான் மாட்டினதுதான்னு அடையாளம் வேணும்.”

“அடையாளம் இருக்கு,” என்றாள் அராக்சி. அலமாரியில் ஸ்பேனர்களுக்கு நடுவே இருந்த குட்டிப் புட்டியை எடுத்துக் காட்டினாள். சிவப்பு நகப்பூச்சு. “முறுக்கி முடிச்சதும் சாமான் மேல இதால ஒரு பொட்டு வைப்பாரு. என் பூச்சை எடுத்து எடுத்தே காலி பண்ணினாரு மனுஷன்.”

காரில் ஏறியதும் ஷக்கீப் சொன்னார், “வண்டி உன் பக்கம் சாயுது.”

“சாயலை உஸ்தாத். என்னைப் பாத்து மரியாதையா தலை குனியுது.”

நிஷான் மாற்றவில்லை என்றால் வேறு யாரோ மாற்றியிருக்கிறான். கார்ச் சாவி ரவாத்திடம்தான் இருந்தது. அப்படியானால் கொண்டுபோனவன் ரவாத்தேதான். பந்தயக்காரர்கள் கண்ணில் படாத பட்டறையாகவும், லிஃப்ட் உள்ளதாகவும் பார்த்துப் போயிருப்பான். அவன் வீட்டுப் பேட்டையிலிருந்து மேலேறும் சாலையில் இப்படிப்பட்ட பட்டறைகள் சில இருந்தன. முதல் இரண்டில் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவதில் நாயெஃப் என்பவன், லிஃப்டில் தூக்கிய ஒரு டாக்ஸியின் அடியில் நின்று காற்று ஸ்பேனரை இரையவிட்டுக்கொண்டிருந்தான்.

ஷக்கீப் வெளியே நின்றுகொண்டார். நஜ்லா மட்டும் உள்ளே போனாள்.

“முஅல்லிம், என் காருக்கு மவுண்டும் புஷ்ஷும் மாத்தணும். எது போடலாம்?”

“கல்லா மெத்தையா?” என்றான் நாயெஃப், நிமிராமல்.

“ரெண்டும் சேந்த மாதிரி?”

“அது மாப்பிள்ளை தேடறப்போ கேக்கலாம், கார்ல கிடைக்காது. கல்லு மாதிரி போட்டா நீங்க நினைச்ச உடனே வண்டி திரும்பும். ஆனா இன்ஜின் துடிக்கிற துடிப்பெல்லாம் உங்க பல்லுல கேக்கும். மெத்தை போட்டா பிள்ளைங்க தூங்கிட்டு வரும். ஆனா நீங்க திருப்பினா வண்டி கொஞ்சம் யோசிச்சிட்டுத் திரும்பும். இரும்பையே வச்சு அடிக்கிறவனும் இருக்கான். அவனுக்கு முதுகெலும்பு மேல ஆசை இல்லை.”

“கல்லு போட்டவங்க யாராவது மனசு மாறி மெத்தைக்கு வந்திருக்காங்களா? அப்படி இருந்தா நானும் மெத்தையே போட்டுடுவேன்.”

நாயெஃப் இப்போதுதான் நிமிர்ந்தான். கதை சொல்ல ஆள் கிடைத்த மகிழ்ச்சி முகத்தில் தெரிந்தது. “வந்தானே ஒருத்தன்! போன மாசம், ஆலிவ் பறிக்கிற சமயம். ஸ்போர்ட்ஸ் காரு. உள்ள பாத்தா ஊதாக் கலர்ல அருமையான சாமான். ‘இதைக் கழட்டு, இருக்கறதுலயே மெத்துன்னு உள்ளதைப் போடு’ங்கறான். பைத்தியமா தம்பின்னேன். கொஞ்ச நாளைக்குத்தான், பந்தயத்துக்கு முன்னாடி திருப்பி மாட்டிக்கறேன்னான். ஊதாவை ஒரு ரொட்டிப் பையில போட்டு எடுத்துட்டுப் போனான்.”

“அவன் பழைய மெக்கானிக்கிட்டயே போகலாமே?”

“நானும் கேட்டேன். அந்த முஅல்லிம் திட்டுவாராம். மெத்தை வேணும்னா கட்டில் கடைக்குப் போன்னுவாராம்.” நாயெஃப் சிரித்தான்.

ஷக்கீப் உள்ளே வந்தார். “அந்தப் போல்ட்டை முறுக்கினப்போ கார் மேல இருந்துச்சா, கீழ இருந்துச்சா?”

நாயெஃப் திரும்பி அவரைப் பார்த்தான். பிறகு தன் தலைக்கு மேலே பார்த்தான். டாக்ஸியின் நான்கு சக்கரங்களும் அந்தரத்தில் தொங்கின. ஆர்ம் போல்ட்டின் மேல் அவன் ஸ்பேனர் இருந்தது.

“யாரு நீங்க?”

“அந்தப் பையன் ஞாயித்துக்கிழமை மலையில செத்துப்போயிட்டான்,” என்றாள் நஜ்லா. “அவன் பழைய முஅல்லிம் லாக்கப்ல கிடக்காரு. நீங்க வந்து இப்ப சொன்னதை ஒருதடவை சொன்னாப் போதும்.”

நாயெஃப் ஸ்பேனரைக் கீழே வைத்தான். கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தான்.

“நான் எதுவும் சொல்லலையே. ஊதான்னா எனக்கு என்னன்னே தெரியாது.”

“இப்பதான்…”

“எனக்குப் பிள்ளைங்க இருக்கு, அக்கா.” அவன் ஷட்டர் பக்கம் போனான். “எல்லாருக்கும் இப்படித்தான் முறுக்குறேன். யாரும் ஒண்ணும் சொன்னதில்லை.”

அவன் ஷட்டரைப் பாதி இறக்கினான். அவர்கள் குனிந்து வெளியே வந்ததும் மீதியையும் இறக்கினான். டாக்ஸி உள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது.

நஜ்லாவுக்கு அந்த ஷட்டரை உதைக்க வேண்டும்போல் இருந்தது. உதைத்து என்ன ஆகும்? இழுத்துக்கொண்டு போக போலீஸ் இல்லை, எழுதி வாங்கச் சட்டம் இல்லை. உண்மை கையில் இருக்கிறது, பிடிக்கத்தான் பிடி இல்லை.

“ரொட்டிப் பையில போட்டவன் எங்க கொண்டு போவான், உஸ்தாத்?”

“ரொட்டி போற இடத்துக்கு,” என்றார் ஷக்கீப்.

ரவாத்தின் தாய் உம்மு ரவாத்தின் வீடு மாடியில். மின்சாரம் இல்லை, லிஃப்ட் ஓடவில்லை. படியேறும்போது நஜ்லா ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கினாள். வாசலில் ரவாத்தின் படம் போட்ட இரங்கல் தாள் ஒட்டியிருந்தது. படத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

தாய் எலும்பும் தோலுமாக இருந்தாள். வீட்டு கவுன், தோளில் சால்வை, முழங்கைக்குக் கீழே டயாலிசிஸ் கட்டு. வந்தவர்கள் யாரென்று கேட்காமலே காப்பி ஊற்றினாள்.

“ஆர்மீனியக்காரருக்காகத்தானே?”

“ரவாத்தோட காரைப் பத்திக் கேக்க வந்தோம், உம்மு ரவாத்,” என்றார் ஷக்கீப்.

“அது காரா, சனியன்!” என்றாள் அவள். “என்னை அதுலதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவான். வேற வண்டி ஏது? ரத்தம் சுத்தம் பண்ணிட்டு வரும்போது உடம்புல ஒண்ணுமே இருக்காது. அந்தக் குலுக்கல்ல கதவைத் திறந்து தெருவுல வாந்தி எடுப்பேன். அவன் ஓரமா நிறுத்திட்டு என் நெத்தியைப் பிடிச்சுக்குவான். ‘மன்னிச்சுக்கோம்மா’ம்பான். அவன் என்ன பண்ணுவான்? அப்புறம் பழகிப்போச்சு. கடைசி மாசத்துல ஒரு குலுக்கலும் தெரியலை. உடம்பு எதுக்குத்தான் பழகாது?”

நஜ்லாவின் கையில் காப்பிக் கோப்பை அப்படியே நின்றது. அவள் ஷக்கீப்பைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் வந்தது.

ஃப்ரிட்ஜ் உறுமியது. மேல்மாடியில் யாரோ “வந்துடுச்சு!” என்று கத்தினார்கள். கட்டிடம் முழுக்கக் கதவுகள் அடித்துக்கொண்டன. ஒரு மணி நேரம் இருக்குமோ என்னவோ, அதற்குள் எல்லாம் முடித்தாக வேண்டும். உம்மு ரவாத்தும் எழுந்து சமையலறைக்கு ஓடினாள். “பாதியில நின்னுபோச்சு, மகளே. என் கறுப்புத் துணி உள்ள கிடக்கு. வேற கறுப்பு எங்கிட்ட இல்லை.”

நஜ்லா பின்னால் போனாள். பாதியில் நின்ற வாஷிங் மெஷின்கள் எல்லா வீட்டிலும் ஒன்றாகச் சுற்ற ஆரம்பித்தன. மேலே தடதடவென்று ஒன்று தரையில் நடந்தது. கீழே ஒன்று சுவரில் இடித்தது. “பிடிடி அதை!” என்று ஒரு பெண்குரல்.

உம்மு ரவாத்தின் மெஷினும் பிழியும் கட்டத்துக்கு வந்து வேகமெடுத்தது. ஊளையிட்டது. ஆனால் நகரவில்லை. மேலே வைத்திருந்த சோப்புக் கிண்ணம்கூட இடம் மாறவில்லை.

எவ்வளவோ வீட்டு மெஷின்களைக் கட்டிப்பிடித்து நிறுத்தியிருக்கிறாள் நஜ்லா. இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. மண்டியிட்டாள். கன்னம் தரையில் படக் குனிந்தாள்.

நான்கு காலுக்கு அடியிலும் ஊதா. இரண்டு உயரம், இரண்டு குட்டை. குட்டைக்கு அடியில் யாரோ அட்டையை மடித்துச் சமம் செய்திருந்தார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பாக ஒரு பொட்டு.

“உஸ்தாத்,” என்றாள்.

“அது ரவாத் வச்சது,” என்றாள் உம்மு ரவாத், பெருமையாக. “முன்னாடி இது வாசல் வரைக்கும் நடந்து போகும். நான் பிடிக்கப் போய் ஒருதடவை விழுந்துட்டேன். கார்லேர்ந்து கழட்டின சாமான் சும்மாதான் கிடக்கு, வேணுங்கறப்போ எடுத்துக்கறேன்னு சொல்லி…”

நிறுத்தினாள்.

ஷக்கீப் வாசல் நிலையில் நின்றிருந்தார். உம்மு ரவாத் தரையில் கிடந்த நஜ்லாவைப் பார்த்தாள். பிறகு மெஷினைப் பார்த்தாள். தன் கைக்கட்டைத் தடவினாள்.

“எனக்குப் பழகிப்போச்சுன்னுல்ல நினைச்சேன்,” என்றாள்.

“உம்மு ரவாத்…”

“சனிக்கிழமை கார் வேலை இருக்குன்னான். இதைத்தான் எடுக்க இருந்தான் போல. எனக்கு ரத்த அழுத்தம் விழுந்துபோச்சு. விடிய விடிய ஆஸ்பத்திரியில என் பக்கத்துலயே உக்காந்திருந்தான். அங்கேர்ந்து நேரா மலைக்குப் போனான்.” அவள் ஷக்கீப்பிடம் திரும்பினாள். “நான் ஒரு டாக்ஸியில போறேன்னு சொல்லியிருக்கலாம்.”

அந்த ரப்பரை முறுக்கியவன் முறையாக முறுக்கியிருந்தால் பையன் பிழைத்திருக்கலாம் என்று அவர் சொல்ல வாயெடுத்தார். யாருக்கு ஆறுதல் அது? மூடிக்கொண்டார்.

“அதை எடுங்க,” என்றாள் அவள். “அது மேல இது நிக்கறதை என்னால பாக்க முடியாது. அந்த மனுஷன் எப்ப நீதிபதிகிட்டப் போறாரு?”

“மதியம்.”

“நானே வந்து சொல்றேன். துணி முடியட்டும். கவுனோடயா கோர்ட்டுக்கு வர முடியும்?”

மெஷினை நிறுத்தி, ஷக்கீப் ஓரத்தைத் தூக்க, நஜ்லா நான்கையும் உருவினாள். உம்மு ரவாத் ஒரு ரொட்டிப் பையை விரித்துப் பிடித்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

மெஷின் முதலில் நடுங்கியது. அப்புறம் குதித்தது. சோப்புக் கிண்ணம் விழுந்து உருண்டது. தடதடவென்று கதவை நோக்கி நடந்தது. உம்மு ரவாத் இரண்டு கையாலும் அதை அணைத்தாள். அது அவளையும் இழுத்துக்கொண்டு போயிற்று. கோட்டுப் போட்ட ஷக்கீப் மறுபக்கம் குந்தி உட்கார்ந்து பிடித்தார். நிற்கவில்லை. கடைசியில் நஜ்லா எம்பி அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். தன் எடை ஒருவழியாக ஒரு வேலைக்கு ஆனது என்று சொல்லியிருப்பாள், வேறு வீடாக இருந்தால். மெஷின் அவளுக்கு அடியில் அடித்துக்கொண்டது. பல்லெல்லாம் ஆடியது.

மின்சாரம் போனது.

எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் சத்தம் அடங்கியது. கீழே யாரோ அரசாங்கத்தைத் திட்டினார்கள்.

உம்மு ரவாத் மெஷின் கதவைத் திறந்து கறுப்புத் துணியை வெளியே இழுத்தாள். தண்ணீர் சொட்டியது. ஒரு நுனியை நஜ்லாவிடம் கொடுத்தாள். நஜ்லா இறங்கி வாங்கிக்கொண்டாள். ஒருத்தி இந்தப் பக்கமாகவும் ஒருத்தி அந்தப் பக்கமாகவும் முறுக்கினார்கள். துணி கயிறாகத் திரண்டது. காலையில் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்த ரப்பரின் கோடு அதில் அப்படியே ஓடியது. நஜ்லாவின் கை தளர்ந்தது.

“இன்னும் முறுக்கு, மகளே,” என்றாள் உம்மு ரவாத். “தண்ணி நிக்கலை பாரு.”